தடை முடிவதற்குள் ஒரு பாட்டு

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்துவிடும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று ரெண்டு மாசம் யாரும் கடலுக்குள் போகக் கூடாது. அந்த ரெண்டு மாசமும் காசிமேட்டு ஆம்பளைகளுக்குக் கை கால் ஓடாது. சிலர் கிழிந்த வலையைத் தைப்பார்கள். சிலர் கேரம் போர்டை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். சிலர் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொள்வார்கள். என் கணவர் விசைப்படகில் வலை இழுக்கிறவர். தடைக்காலத்தில் அவர் சமைப்பார்.

அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் எனக்கு அது சாதாரணம் இல்லை. நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் டைப் அடிக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுப்பு, பாத்திரம், பொண்ணின் ஹோம்வொர்க், மறுநாள் டிபன் பாக்ஸ் என்று ராத்திரி ஆகிவிடும். தடைக்காலத்தில் மட்டும்தான் வீட்டுக்குள் நுழைந்ததும் கையில் டீ வரும். டீயைக் குடித்துவிட்டு நேராக லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடலாம். அதில்தான் நான் பாட்டு செய்வேன். வார்த்தை இல்லாத பாட்டு. ஆடுவதற்கென்றே கம்ப்யூட்டரில் செய்கிற எலக்ட்ரானிக் டான்ஸ் பாட்டு.

பாட்டு செய்வேன் என்று சொல்வதுகூடப் பொய். என்னிடம் இருந்ததெல்லாம் துண்டுகள்தான். நாலு வரி அளவுக்கு ஒரு தாளம், அதன்மேல் ரெண்டு மூணு ஒலிகள். அதையே சுற்றிச் சுற்றி ஓட விட்டால் பிரமாதமாக இருக்கும். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, எங்கே முடிப்பது என்று யோசிக்கும்போதே அலுத்துவிடும். உடனே இன்னொரு புது துண்டு ஆரம்பிப்பேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்தக் கதைதான். லேப்டாப் முழுக்கத் தலை மட்டும் செய்து உடம்பு செய்யாமல் விட்ட பொம்மைகள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ராயபுரத்து மாதா கோயிலில் இருந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் படிக்கும்போது ஞாயிறு பூசையில் பாட்டுக் குழுவுக்கு நான்தான் கீபோர்டு. அந்தக் கீபோர்டில் தாளத்துக்கென்று வரிசையாகப் பட்டன்கள் இருக்கும். ஒரு ஞாயிறு காணிக்கைப் பாட்டுக்குக் கை தவறி டிஸ்கோ பட்டனை அமுக்கிவிட்டேன். காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு நடுவழியாக வந்தவர்களின் நடையே மாறிப்போய்விட்டது. பழத்தட்டு வைத்திருந்த ஒரு பெரிய மனிதருக்கு இடுப்பு ஒரு பக்கமாக வெட்டியது. சாமியார் பீடத்திலிருந்து என்னை முறைத்தார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பட்டனால் ஒரு மனுஷனின் இடுப்பை வெட்ட வைக்க முடியும் என்பதுதான் மனசில் நின்றது.

போன தடைக்காலத்தின் முதல் வாரம். என் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வழக்கம்போல ஒரு துண்டை உருட்டிக்கொண்டிருந்தேன். பொண்ணு வந்து, ஒன்பதாவது போகப்போகிறேன், ஆன்லைன் கிளாசுக்கு லேப்டாப் எனக்கு வேண்டும் என்றாள். நியாயமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. யாரும் கேட்காமலே வாய் விட்டேன்.

“உங்கப்பா திரும்பக் கடலுக்குப் போறதுக்குள்ள ஒரு பாட்டை முழுசா முடிச்சு அவர் கையில குடுப்பேன். முடியலேன்னா லேப்டாப் உனக்கு. அப்புறம் அதுல நான் கையே வைக்க மாட்டேன்.”

என் கணவர் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “இன்னாமே, நெசமாவா சொல்றே?”

“நெசமாத்தான்.”

“அப்ப முடிச்சிடு. நான் அத்த கடல்ல, போட்டுல போட்டுக் கேக்கறேன்,” என்றார். எங்கள் வீட்டில் வாய் வார்த்தை என்றால் வார்த்தைதான். பொண்ணு அன்றைக்கே லேப்டாப்பை எங்கே வைப்பது என்று மேசையைத் துடைத்து வைத்துவிட்டாள்.

வேலையை ஆரம்பிக்கும்போதே ஒன்றில் உறுதியாக இருந்தேன். வடசென்னைப் பாட்டு என்றால் கப்பல் சங்கு, கண்டெய்னர் இடிக்கிற சத்தம், அலை சத்தம் எல்லாம் எடுத்துப் போடுவது இப்போது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. அதெல்லாம் வேறு ஏரியாவிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் செய்துகொள்ளட்டும். நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தச் சத்தத்தில்தான் டைப் அடிக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அதையே கேட்க எனக்கென்ன கிறுக்கா? இணையத்தில் ஒரு வெளிநாட்டுப் பையன் சொல்லித்தருகிற மாதிரி, அடிவயிற்றில் இடிக்கிற அடியாகத் தேர்ந்தெடுத்து, சுத்தமான வெளிநாட்டுச் சரக்காக ஒன்று செய்வேன் என்று உட்கார்ந்தேன்.

செய்தும் விட்டேன். மூணு வாரத்தில் தாளம் தயார். மூணு கனத்த அடி, ஒரு இடைவெளி, அப்புறம் அவசரமாக ரெண்டு சின்ன அடி. அதுவே திரும்பத் திரும்ப. ஹெட்போனில் கேட்கும்போதெல்லாம் எனக்கு மயிர் கூச்செறியும். இவ்வளவு நல்லதாக என் கையிலிருந்து எதுவும் வந்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர், “காதுல மாட்டிகினு நீ மட்டும் தலைய ஆட்டிகினு கீறே. பார்க்கறவங்களுக்கு சாமி வந்தாப்ல கீது. வெளிய போடுமே,” என்றார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. பெரிய ஸ்பீக்கரில் இணைத்து, கதவைத் திறந்து வைத்து, சத்தத்தை முழுசாக ஏற்றினேன்.

நாங்கள் இருப்பது ஹவுசிங் போர்டு வீடு, மூணாவது மாடி. எதிர்வீட்டு அக்கா மீன் விற்கிறவர். தடைக்காலத்தில் மீன் வரத்து குறைவு என்பதால் கருவாடு விற்பார். அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு, கொண்டை அவிழ எழுந்து, மார்பில் ஒரு அடி அடித்துக்கொண்டு அலறினார்.

“ஐயோ! யாரு பூட்டாங்க? சொல்லாம கொள்ளாம பூட்டாங்களே!”

அந்த அலறலுக்கு எல்லா மாடிகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. கீழே கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவர் மரியாதைக்குத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். எங்கள் பிளாக்கில் உடம்பு முடியாமல் கிடந்தவர் ஒருத்தர்தான், தரைத்தளத்துப் பெரியவர். எல்லாரும் அவர் வீட்டுக் கதவையே பார்த்தார்கள். கதவு திறந்தது. அந்தப் பெரியவரே லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்து, “யாருப்பா அது?” என்று கேட்டார்.

நான் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினேன். “யாரும் இல்லக்கா. பாட்டுதான். நான் செஞ்ச பாட்டு,” என்றேன்.

அக்காவுக்கு அழுகை கோபமாக மாற ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. “நல்லா கீற வூட்ல சாவு மோளம் அடிக்கற பொம்பளைய இப்பதான்டி பார்க்கறேன்! உனுக்கு வேற பாட்டே கெடைக்கலையா? கஸ்மாலம்!” என்றார். அதற்கப்புறம் சொன்னவற்றை எழுத முடியாது.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து மறுபடியும் மெதுவாக வைத்துக் கேட்டேன். அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. மூணு அடி, இடைவெளி, ரெண்டு அடி. நான் பிறந்து வளர்ந்த ராயபுரத்துத் தெரு வழியாகத்தான் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குச் சாவு ஊர்வலங்கள் போகும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனையோ தடவை கேட்ட அதே அடி. வெளிநாட்டுப் பையன் கற்றுக்கொடுத்தான் என்று நினைத்துக்கொண்டு, காதில் ஊறிப்போன சாவு அடியை லேப்டாப்பில் ஒன்று விடாமல் இறக்கி வைத்திருக்கிறேன். மயிர் கூச்செறிந்ததில் ஆச்சரியமே இல்லை.

என் கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பு நின்றது. “ஆனா இத்த போட்டுல போட முடியாதுமே,” என்றார். “தடை முடிஞ்சி மொத மொத கடல்ல எறங்கறப்ப சாவு மோளம் போட்டா, டிரைவரு பாட்டோட சேத்து என்னையும் தண்ணில தள்ளி வுட்டுடுவாரு.” போட்டை ஓட்டுகிற டிரைவர்தான் கடலில் அவர்களுக்கெல்லாம் தலைவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த சில வாரங்கள் மகா மட்டமான வாரங்கள். அந்த அடியைத் தூக்கிவிட்டுக் கல்யாண வீட்டு அடி போட்டேன். சினிமாக் குத்துப் பாட்டு அடி போட்டேன். வெளிநாட்டில் போடுகிற மாதிரி இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து ஒரே சீராக இடிக்கிற அடியும் போட்டுப் பார்த்தேன். எல்லாமே உப்பில்லாத குழம்பு. பொண்ணு மேசைமேல் ஒரு துணி விரித்து வைத்தாள், லேப்டாப் வைக்க. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாள் ஆபீசிலிருந்து வரும்போது ஷேர் ஆட்டோவில் தனியாகக் கையை நீட்டிப் பேசியதைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். நான் அந்தத் தாளத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துத் தண்ணீரில் இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் கணவரும் பாதி நாள் அங்கேயே இருந்தார். எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. அழுகைகூட வரவில்லை. இனிமேல் நான் பாட்டு செய்கிற ஆள் இல்லை, டைப் அடிக்கிற ஆள் மட்டும்தான் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் நான் பழைய சாவு அடியைத் திறந்து வைத்துவிட்டு, கேட்கக்கூடத் தோன்றாமல் ஜன்னலோரம் நின்றிருந்தேன். சாப்பாடு வைப்பதற்காக என் கணவர் லேப்டாப்பை நகர்த்தினார். ஈரக் கை கீபோர்டில் பட்டுப் பாட்டு ஓட ஆரம்பித்தது. எப்போதும் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து இல்லை. நான் எங்கேயோ நிறுத்தி வைத்திருந்த நட்டநடுவிலிருந்து.

அவர் கையில் ரசக் கரண்டி. தோள் ஒரு பக்கமாக ஏறி இறங்கியது. இன்னொரு தரம் ஏறி இறங்கியது. கரண்டியிலிருந்து ரசம் தரையில் சொட்டியதையும் அவர் கவனிக்கவில்லை.

“ஏ, இது இன்னா, புச்சா கீது?” என்றார்.

“புதுசு இல்லய்யா. அதே சாவு அடிதான்.”

“போமே! இதுவா சாவு அடி? காலு தானா போவுது பாரு.”

நான் ஓடிவந்து திரையைப் பார்த்தேன். ஒரு அடியும் மாறவில்லை. தொடங்குகிற இடம்தான் மாறியிருக்கிறது. மூணு கனத்த அடியில் ஆரம்பித்தால் பாடை புறப்படுகிறது. அந்த ரெண்டு சின்ன அடியில் ஆரம்பித்து, மூணு கனத்த அடியை அதன் பின்னால் வர விட்டால், யாரோ கதவைத் தட்டிவிட்டு உள்ளே ஓடி வருகிற மாதிரி இருக்கிறது. அதே அடி, அதே வேகம், அதே இடைவெளி. சந்தோஷத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். மீதி ரசமும் கொட்டியது.

ஆனால் எங்கள் ரெண்டு பேருக்குப் பிடித்து என்ன பயன்? மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே ஸ்பீக்கரை மறுபடியும் மாட்டினேன். எதிர்வீட்டு அக்கா வராந்தாவில் கருவாட்டோடு உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து வைத்தேன். பாட்டைத் தட்டிவிட்டு, அடி வாங்கத் தயாராக வாசலிலேயே நின்றேன்.

அக்கா தலையைத் தூக்கினார். கொண்டை அவிழவில்லை. கருவாடு பிரிக்கிற கை நிற்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கை பாட்டோடு சேர்ந்து போக ஆரம்பித்தது. நல்லது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம் என்று தாளத்துக்குப் பிரித்துப் போட்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, “சத்தம் கம்மியா வைடி, காது நல்லாத்தான் கீது,” என்றார். நிறுத்து என்று சொல்லவில்லை.

தாளம் கிடைத்துவிட்டது. அதற்குமேல் மற்ற ஒலிகளை அடுக்குவதற்குச் சிரமமே இல்லை. நடுப்பாகமும் வந்துவிட்டது. வராதது முடிவுதான். முடிக்கத் தெரிந்திருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பேன்.

படகுகள் புறப்படும் நாள் வந்தது. என் கணவர் சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலிருந்து முடிவில் உட்கார்ந்தேன். பாட்டு மெல்ல மெல்ல அடங்கி, மறுபடியும் கொஞ்சம் எழுந்து, மறுபடியும் அடங்கி என்று முடிவை நீட்டிக்கொண்டே போனேன். நீட்ட நீட்ட அழகாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மத்தியானம் தாண்டிவிட்டது.

அப்போது கரண்டு போனது.

என் லேப்டாப்பின் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. ஒயரில்தான் அதற்கு உயிர். திரை கறுப்பாகிவிட்டது. காலையிலிருந்து செய்த முடிவு மொத்தமும் போச்சு. சேமித்து வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவு மெய்மறந்து நீட்டிக்கொண்டிருந்தேன். எண்ணூரிலும் வள்ளூரிலும் நிலக்கரி எரித்து ஊருக்கெல்லாம் கரண்டு காய்ச்சி அனுப்புகிறார்கள். சாம்பலை நாங்கள் மூச்சில் வாங்கிக்கொள்கிறோம். ஒரு மத்தியானம் முழுசாகக் கரண்டு கொடுக்க முடியாதா என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். கீழே கேரம் ஆடுகிறவர்கள் மேலே பார்த்தார்கள். என் கணவர் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கரண்டு திரும்பி வந்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார். பொண்ணு என் பக்கத்தில் வந்து நின்றாள். லேப்டாப்புக்காக நிற்கவில்லை. “முடிச்சிடும்மா,” என்று என் தோளில் கை வைத்தாள்.

அவ்வளவு நீளமான முடிவை மறுபடியும் செய்ய நேரம் கிடையாது. அடங்குவது எழுவது எல்லாவற்றையும் விட்டுத்தள்ளினேன். பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு இடத்தில் வெட்டினேன். கடைசியாக அந்த ரெண்டு சின்ன அடி. அதோடு சரி. என் கை மறுபடியும் உள்ளே போய் எதையாவது சரி பண்ணத் துடித்தது. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பாட்டு ஒரே ஃபைலாகச் சேர்ந்து முடிந்ததும் அவர் போனுக்கு அனுப்பினேன். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டு மேலே தட்டிக்கொண்டு, “வரேம்மே,” என்று படியிறங்கினார். பொண்ணு மேசைமேல் விரித்திருந்த துணியை எடுத்து மடித்தாள்.

கடலுக்குள் போனால் போன் பேச முடியாது. நல்லா இருக்கிறதா, இல்லையா, போட்டார்களா, போட விட்டார்களா என்று ஒன்றும் தெரியாமல் அந்த வாரம் முழுக்க ஆபீசில் தப்புத் தப்பாக டைப் அடித்தேன். தாளத்தின் பழைய உருவத்தை டிரைவர் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆவது? சாவு ஊர்வலங்களில் ஆடாதவரா அவர்?

படகு திரும்பி வருகிற விடியற்காலை நானே துறைமுகத்துக்குப் போனேன். ஏலம் கூவுகிறவர்களும் கூடைக்காரப் பெண்களும் ஆட்டோக்காரர்களும் இடித்துத் தள்ளினார்கள். எங்கள் படகு கரை அணைந்ததும் கூடைகள் கைமாறிக் கைமாறிக் கரைக்கு வந்தன. டிரைவர் மேல்தட்டில் நின்றபடி என்னைப் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை.

“தங்கச்சி! உன் பாட்டுல ஒரு பேஜாரு கீது,” என்றார்.

அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

“வலைய கொட்டிட்டு மீன் பொறுக்கிகினு கீறோம். பாட்டுக்கு கை சும்மா பறந்துகினு கீது. அப்ப பார்த்து பட்டுனு நின்னு பூடுது. அல்லார் கையும் கவுச்சி. போனை எவன் தொட்டு மறுபடியும் போடறது? உன் வூட்டுக்காரன்தான் மூக்கால அமுக்கி அமுக்கிப் போட்டுகினு இருந்தான். இன்னாத்துக்கு அதுக்குள்ள முடிச்சே?”

என் கணவர் ஒரு கூடையைத் தூக்கியபடி மூக்கைச் சுளித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் சொல்லாத ஒரு குறையை, ஒரு மனுஷன் துறைமுகமே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆமாண்ணா,” என்றேன். “முடிச்சுட்டேன்.”